பெயர் சிறிது, பயன் பெரிது
(வணிகப் பாடம்: அன்பளிப்புச் சட்டை, தொப்பி, பை இவற்றில் பெயர் அச்சிடும் முறை)



தீபாவளி நெருங்கும் மாதங்களில் நமது கடைகளுக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் கம்பெனி சேல்ஸ்மேன். சரக்கு ஆர்டர் எழுதி முடித்ததும் பையைத் திறந்து நான்கு பனியன், இரண்டு தொப்பி எடுத்து வைத்து, "ஸ்கீம்ல வந்ததுங்க, பசங்களுக்குக் கொடுங்க" என்பார். மற்றவர் அச்சகக்காரர். துணிப்பை மாதிரிகளை மேசைமேல் பரப்பி, "உங்க பேரைப் பெருசாப் போட்டுடலாம், தெருக்கோடியிலிருந்து படிக்கலாம்" என்பார்.

முதலாமவர் கொடுப்பது இலவசம் என்பதால் நாம் யோசிப்பதில்லை. இரண்டாமவர் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் ஒரே விலை சொல்வதால் அங்கேயும் யோசிப்பதில்லை. இரண்டு இடத்திலும் நாம் இழப்பது என்ன, அடைவது என்ன என்பதே இந்த மாதப் பாடம். துணியின்மேல் அச்சிடும் பெயர் யாருடையதாக இருக்கலாம், எவ்வளவு அளவில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

ஒரு பனியன் சொன்ன செய்தி

எனது கடையில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தமும் சில்லறையும் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சோடாவும் தண்ணீர்ப் பாட்டிலும் போடும் ஒரு ஏஜென்சிக்காரர் ஆறு பனியன் கொடுத்தார். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் பீரும் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. மார்பு முழுவதும் அந்தப் பெயர்; முதுகில் அதைவிடப் பெரிதாக மறுபடியும் அதே பெயர். துணி நல்ல துணி. கடை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் பொட்டலம் கட்டும் பையன் கல்லாவுக்கு அருகில் வந்து நின்றான். பையன் என்கிறேனே தவிர, முப்பத்தைந்து வயதுக்காரன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன்.

"முதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லுப்பா."

"நாளைக்குப் பாப்பா பள்ளிக்கூடத்துல கூட்டங்க. கடையிலிருந்து நேராப் போவணும். இந்தப் பனியனோட போனா டீச்சரம்மா என்ன நெனைப்பாங்க? எங்கப்பா குடிச்சே போனவருங்க. எங்கம்மா இதைப் பார்த்துட்டு ரெண்டு நாளா எங்கூடப் பேசலைங்க."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வேறு சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆறு பனியனில் இரண்டு எண்ணெய் டின் துடைக்கும் கரித்துணியாக இருந்தன. ஒன்று எடைமேசைக்கு உறையாக இருந்தது. மற்றவை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

பிறகு நானும் ஒரு தவறு செய்தேன். கம்பெனி பெயர் இருந்ததால்தானே பிடிக்கவில்லை, நமது கடைப் பெயரையே போடுவோம் என்று திருப்பூரில் பனியன் எடுத்து அச்சிட்டேன். முதுகில் கடைப் பெயர், அதன் கீழே இரண்டு போன் நம்பர், அதன் கீழே அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் என்று சரக்குப் பட்டியல். ஆட்கள் கடையில் போட்டார்கள். மாலை ஷட்டர் இறக்கியதும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொந்தச் சட்டையில் வீட்டுக்குப் போனார்கள். கடைக்குள் நிற்கும் ஆளின் முதுகில் கடையின் போன் நம்பர் இருந்து யாருக்கு என்ன லாபம்?

மூன்றாம் முறை அச்சகக்காரர் சொன்னதைக் கேட்காமல், ஆட்களைக் கேட்டேன். காலர் வைத்த சட்டை, ஒரே நிறம், இடது மார்பில் மூன்று விரல் அகலத்தில் கடைப் பெயர் மட்டும் தையலில். அந்த ஆண்டு கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அதே பொட்டலம் கட்டும் பையன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டையுடன் நிற்பதைக் கண்டேன். நான் போடச் சொல்லவில்லை. அவனாகவே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

மூன்று சட்டைக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். முதலாவது துடைக்கும் துணியானது. இரண்டாவது ஆணியில் தொங்கியது. மூன்றாவது ஊருக்குள் நடந்தது. ஏன் என்று பார்ப்போம்.

உலகம் அறிந்த மூன்று சின்னங்கள்

பெரிய நிறுவனங்கள் எல்லாம் பெயரைப் பெரிதாகப் போட்டே வளர்ந்தன என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகளில் இரண்டு பீர் ஆலைகளே. சின்னம் பதிவு செய்வதில் அவர்களே முன்னோடிகள் என்பதால் அவர்களைத் தவிர்க்க முடியாது.

இங்கிலாந்தில் பர்ட்டன் நகரத்துப் பாஸ் என்ற மதுவடி ஆலையின் சின்னம் ஒரு சிவப்பு முக்கோணம். அவ்வளவுதான். 1875ஆம் ஆண்டு அங்கே வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் வந்து, 1876 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, முதல் எண்ணில் பதிவான சின்னம் இதுதான். 1882இல் பிரெஞ்சு ஓவியர் மானே பாரிசு நகரத்து மதுக்கூடம் ஒன்றை வரைந்தார். அந்த ஓவியத்தில் மேசைமேல் இருக்கும் புட்டிகளில் இந்த முக்கோணம் தெரிகிறது. புட்டியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்காமலே பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்கிறார். எழுத்தறியாதவருக்கும் முக்கோணம் தெரியும்.

அயர்லாந்தின் கின்னஸ் ஆலை 1759இல் டப்ளின் நகரில் தொடங்கியது. 1862 முதல் அதன் லேபிளில் யாழ் போன்ற நரம்பிசைக் கருவி ஒன்று இடம்பெற்றது; 1876இல் அதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆலையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் திறந்த கண்காட்சிக் கூடத்தில் சட்டை, தொப்பி, குவளை எல்லாம் விற்கும் கடையும் இருக்கிறது. மேலை நாடுகளில் பீர் ஆலைகள் இப்படித் துணிமணி விற்பது வழக்கம். அங்கே அந்தச் சட்டையை இலவசமாகக் கொடுப்பதில்லை. வாங்குபவர் காசு கொடுக்கிறார். காசு கொடுத்து வாங்குபவர் அலுவலகம் போகவும் கல்யாணத்துக்குப் போகவும் அது ஒத்துவருமா என்றுதான் பார்ப்பார். அதனால் மார்பின் ஓரத்தில் சிறு சின்னத்தோடு நிற்கும் சட்டைக்கு அங்கே எப்போதும் மதிப்பு உண்டு.

மூன்றாவது பீர் அல்ல. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் என்பவருக்கு முதலை என்று பட்டப்பெயர். அவர் 1933இல் பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து சட்டை செய்து விற்கத் தொடங்கினார். மார்பில் ஒரு சிறு முதலை. சட்டையின் வெளிப்புறத்தில் சின்னம் வைத்து விற்ற முன்னோடிகளில் அதுவும் ஒன்று. இன்று உலகம் முழுவதும் சட்டையின் இடது மார்பில் சின்னம் வைக்கும் பழக்கத்துக்கு அந்த முதலை ஒரு முக்கியமான தொடக்கம்.

மூன்றிலும் பொதுவானது என்ன? ஒன்று, சின்னம் எளிது. இரண்டு, அளவு சிறிது. மூன்று, பல்லாண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். நாமோ ஆண்டுக்கு ஒரு முறை நிறத்தையும் எழுத்தையும் மாற்றி, அளவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம்.

நமது மண்ணில் மதுவின் பெயர்

டப்ளினில் பீர் பெயர் போட்ட சட்டை பெருமையாக இருக்கலாம். சேலம், நாமக்கல் சீமையில் அதன் பொருள் வேறு. இதை உணர நமது வணிகர்கள் ஒரு வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

இராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழ் வெளிவந்தது. கல்கி அதில் அவருக்குத் துணையாகப் பணியாற்றினார். 1937இல் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய முதல் மாவட்டம் நமது சேலம் மாவட்டமே. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அடங்கும்.

கள், சாராய வருமானம் நின்றதால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம்தான். நமது முன்னோர்கள் கட்டிய விற்பனை வரி, 2007இல் வந்த வாட் வரி, 2017 ஜூலை 1 முதல் நாம் கட்டும் ஜி.எஸ்.டி. ஆகியவற்றின் வேர், இந்த மாவட்டத்துக் கள்ளுக்கடை மூடியதில் இருக்கிறது. சட்டம் பின்னர் பல முறை மாறியது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003 நவம்பர் இறுதி முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போயிற்று.

இதிலிருந்து வணிகர் அறிய வேண்டியது இரண்டு. முதலாவது, மதுவை நாம் விற்க முடியாது. நாம் விற்க முடியாத சரக்குக்கு நமது ஆள் மார்பில் விளம்பரம் சுமப்பதால் நமது கல்லாவில் ஒரு ரூபாயும் கூடாது. இரண்டாவது, நமது கடைக்கு மாதச் சாமான் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் குடியால் அடுப்பு அணைந்த நாள் இருந்திருக்கும். அவர்களுக்குப் பருப்பு எடை போடும் கையின் மேலே அந்தப் பெயர் தெரிந்தால் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். காரணம் நமக்குத் தெரியவே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மது விளம்பரம் தொலைக்காட்சியில் வருவதை 2000ஆம் ஆண்டில் மத்திய அரசின் கேபிள் தொலைக்காட்சி விதித் திருத்தம் தடுத்தது. அதன்பின் மது நிறுவனங்கள் தங்கள் பெயரைத் தண்ணீர், சோடா, இசைத்தட்டு போன்றவற்றில் போட்டு விளம்பரம் செய்வது பெருகியது. கிங்ஃபிஷர் என்ற பீர் பெயர் தண்ணீர்ப் பாட்டிலிலும் காலண்டரிலும் வந்தது. 2005 முதல் 2012 வரை விமானத்திலும் பறந்தது. இவ்வகை விளம்பரத்தை மறைமுக விளம்பரம் என்பார்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மறைமுக விளம்பரத்தைத் தடை செய்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் தடையுள்ள சரக்கின் சின்னம், நிறம், அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அந்தச் சரக்கையே நினைவூட்டினால் அது மறைமுக விளம்பரமாகும். சிகரெட், பீடி, புகையிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. அவற்றின் விளம்பரத்தையும் விற்பனையை ஊக்குவிக்கும் செயல்களையும் அது தடுக்கிறது. ஆகவே பீடிக் கம்பெனி கொடுக்கும் குடை, தொப்பி, பனியன் எதையும் கடையில் ஏற்காமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

நமது சொந்தப் பெயருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2019இல் சண்டிகர் நகர நுகர்வோர் மன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பெரிய காலணிக் கடை, தன் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு வாடிக்கையாளரிடம் 3 ரூபாய் வாங்கியது. வாடிக்கையாளரையே காசு கொடுக்க வைத்துத் தனக்கு விளம்பர ஆளாக ஆக்கிவிட்டது என்று மன்றம் கண்டித்து, 9,000 ரூபாய் கட்ட வைத்தது. நமது பெயரைப் பெரிதாக அச்சிட்ட பைக்குக் காசும் வாங்குவது எப்படிப் பார்க்கப்படும் என்பதற்கு இது சான்று. பைக்கு விலை வைப்பதானால் பொருள் எடுக்கும் முன்பே தெரியும்படி எழுதி வைக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. விஷயமும் கவனிக்கத்தக்கது. வாடிக்கையாளருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருளுக்கு நாம் கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு இதைத் தடுக்கிறது. எனவே இலவசப் பையின் அடக்க விலையைக் கணக்கிடும்போது வரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மஞ்சப்பை கற்பிக்கும் பாடம்

நமக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டே தேவையில்லை என்னும் அளவுக்கு மஞ்சப்பை இருக்கிறது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தால் கடைக்காரர் மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கொடுப்பார். தாம்பூலப் பையும் மஞ்சள்தான். கெட்டித் துணி, ஒரே நிற அச்சு, கடைப் பெயர், ஊர்ப் பெயர். அந்தப் பை ரேஷன் கடைக்குப் போகும், பத்திர ஆபீசுக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும். பின்னர் பிளாஸ்டிக் வந்தது. மஞ்சப்பை பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்யப்பட்டது.

2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. பார்வைக்குத் துணிபோல் தோன்றும் நெய்யாத பையும் அந்தத் தடையில் அடங்கும் என்பதைச் சில வணிகர்கள் இன்னும் அறியவில்லை. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. ஆக, துணிப்பைக்குக் காலம் திரும்பியிருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளும் ஈரோட்டுச் சந்தையும் அருகிலேயே இருக்க, துணிக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. அந்தப் பையை மறுபடியும் வாடிக்கையாளர் கூச்சமின்றித் தூக்கும்படி செய்வது நமது கையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக, வரி உள்பட ஒரு பை 50 ரூபாய் அடக்கம் என்று கொள்வோம். 300 பைக்கு 15,000 ரூபாய்.

பெயர் இருபுறமும் நிறைந்திருக்கும் பையை வாடிக்கையாளர் ஐந்து முறை எடுத்துவிட்டு மூலையில் போட்டால், ஒரு முறை வெளியே போனதற்கு நமக்கு விழுந்த செலவு 10 ரூபாய். பெயர் அடக்கமாக இருக்கும் பையை நூறு முறை எடுத்துப் போனால் ஒரு முறைக்கு 50 பைசா. விளம்பரத்தின் அளவை எழுத்தின் உயரத்தால் அளப்பது தவறு. எத்தனை முறை தெருவில் இறங்கியது என்பதால் அளக்க வேண்டும். பெரிய எழுத்து ஒரு முறைக்கு இரண்டு பேர் கூடுதலாகப் பார்க்கச் செய்யலாம். ஐந்து முறைக்கும் நூறு முறைக்கும் உள்ள வேறுபாட்டை அது ஈடுகட்டாது.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை

1. அளவு: சட்டையில் இடது மார்பில் 3 அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம். முதுகு வெறுமையாக இருக்கட்டும். பையில் ஒரு பக்கம் மட்டும், கீழ்ப்பாதியில் உள்ளங்கை அளவு போதும்.

2. வாசகம்: கடைப் பெயர், ஊர். பையானால் ஒரு போன் நம்பர். சரக்குப் பட்டியல், கடவுள் படம், பண்டிகை வாழ்த்து வேண்டாம். கடவுள் படம் உள்ள பையை மீன் வாங்க எடுத்துப்போக மாட்டார்கள். பிய்ந்தால் எறியவும் மனம் வராது. ஆண்டு போட்ட வாழ்த்து அந்த ஆண்டோடு பழையதாகிவிடும்.

3. நிறம்: துணிக்கு ஒரு நிறம், அச்சுக்கு ஒரு நிறம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டியிருப்பதால் நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். கட்சிக் கொடியை நினைவூட்டும் நிறச் சேர்க்கையைத் தவிர்க்கவும். நமக்கு எல்லாரும் வாடிக்கையாளர்.

4. அச்சு வகை: மார்பு முழுவதும் ரப்பர்போல் தடித்த அச்சுப் போட்டால் அந்த இடத்தில் காற்று புகாது. நமது ஊர் வெயிலில் மூட்டை தூக்குபவருக்கு அது பெரிய தொல்லை. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் ஒட்டிக்கொள்ளும், பல சலவைக்குப் பின் வெடிக்கும். வெடித்த எழுத்தில் நமது பெயர் இருந்தால் கடையே நொடித்ததுபோல் தோன்றும். சிறிய பெயரானால் நூல் தையலே செய்துவிடலாம். சட்டை கிழியும்வரை நிற்கும்.

5. துணி: அச்சில் மிச்சமாகும் பணத்தைத் துணியில் போடவும். பைக்குக் கைப்பிடித் தையல் முக்கியம். ஐந்து கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கிப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்கவும்.

6. மாதிரி: முதலில் ஐந்து செய்து, ஆட்களிடமும் தெரிந்த நான்கு வாடிக்கையாளரிடமும் கொடுத்து ஒரு மாதம் பார்க்கவும். கருத்துக் கேட்டால் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். எடுத்துப் போகிறார்களா என்று கண்ணால் பார்ப்பதே சரியான சோதனை.

7. பதிவு: தராசு, நெற்கதிர், படி என்று எளிய சின்னம் ஒன்றை முடிவு செய்தபின் மாற்ற வேண்டாம். வேறு யாரும் அதே சின்னத்தை வைத்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு வணிகச் சின்னப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தனி நபரும் சிறு தொழில் செய்வோரும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

ஓர் ஐயமும் விடையும்

"இப்படி ஒளித்து வைத்தால் யார் கண்ணில் படும்? விளம்பரம் என்றால் தெரிய வேண்டாமா?" என்று மூத்த வணிகர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

பெரிய எழுத்துக்கு உரிய இடங்கள் உண்டு. கடைப் பலகை, டெலிவரி வண்டி, வெயில் மறைப்புத் துணி, கிடங்குச் சுவர். இவையெல்லாம் நமது சொத்து. இங்கே எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை. சட்டையும் பையும் கொடுத்த நிமிடமே நமது சொத்தல்ல. ஒருவருடைய மார்பு அவருடையது. வாடிக்கையாளர் கையில் தொங்கும் பை அவருடைய குடும்பத்தின் மதிப்பைச் சேர்ந்தது. அங்கே நமது பெயர் விருந்தாளி. விருந்தாளி நடுக்கூடத்தில் காலை நீட்டிப் படுத்தால் வீட்டுக்காரர் மறுமுறை அழைக்கமாட்டார்.

அருகில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். "பை நல்லா இருக்கே, எந்தக் கடை?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டு, அதற்கு நமது வாடிக்கையாளர் பதில் சொல்வதுதான் விளம்பரம். அந்தப் பதிலை எந்த அச்சகமும் அச்சிட்டுத் தர முடியாது.

பயிற்சி

இந்தப் பாடத்தைப் படித்ததோடு விடாமல், வரும் ஞாயிறன்று கடையில் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கவும்.

அ) கடந்த இரண்டு ஆண்டில் கம்பெனிகள் கொடுத்த பனியன், தொப்பி, குடை எத்தனை? இன்று அவற்றில் எத்தனை உடுத்தும் நிலையில் உள்ளன? எத்தனை கரித்துணி ஆயின?

ஆ) அவற்றில் மது, புகையிலைப் பெயரோடு தொடர்புள்ளவை எவை? அவற்றைத் தனியே எடுத்து விலக்கவும்.

இ) காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கடைக்கு வருபவர்கள் கையில் எந்தெந்தக் கடைப் பை இருக்கிறது என்று ஒரு தாளில் குறிக்கவும். திரும்பத் திரும்ப வரும் பை எப்படி இருக்கிறது? அதில் பெயர் எவ்வளவு பெரிது?

ஈ) கடை ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்கவும்: "இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க மாமனார் வீட்டுக்குப் போவீங்களா?" அவர்கள் சிரித்தால் அதுவே விடை.

கடைசிக் கேள்வியை நான் முதல் பனியன் வந்த நாளிலேயே கேட்டிருந்தால், ஒரு தாயும் மகனும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். நமக்கு இலவசமாக வந்ததற்கு விலையை அந்த வீடு கொடுத்தது. இனி நமது கடையில் எந்தத் துணியும் ஆளைக் கேட்காமல் ஆள்மேல் ஏறக்கூடாது என்று இருக்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.

வணிகம் செழிக்கட்டும்!